பாட்டு, பொறுக்கி வந்த கல், பழைய பூட்டு: ஓவியருக்கு இவை வேலையா, சாக்கா?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. மூன்று ஆண்டாக ஓவியம் பழகுகிறீர்கள். பாட்டு ஓடாமல் உங்களுக்குக் கை ஓடுவதில்லை. நடந்து போகும் வழியில் கல், இறகு, துருப்பிடித்த தகடு என்று ஏதாவது ஒன்று பைக்குள் வந்துவிடுகிறது. கடைசியாக வந்தது ஒரு பழைய பூட்டு. வீட்டில் இருப்பவர்கள் குப்பை சேர்க்கிறாய் என்கிறார்கள். பெரிய ஓவியர்களும் இப்படித்தான் இருந்தார்களா, இதனால் ஓவியத்துக்குப் பயன் உண்டா, அந்தப் பூட்டைத் தேய்த்துச் சுத்தம் செய்யலாமா என்று கேட்கிறீர்கள். இத்தனைக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருப்பதாக எனக்குப் படுகிறது. வரையாத நேரத்தில் உங்களை இழுக்கிற இந்த ஆசைகள் உங்கள் வேலையைச் சேர்ந்தவையா, வேலையைத் தள்ளிப்போட நீங்களே கண்டுபிடித்த சாக்கா?

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வரைகிறேன்; அதில் பாதிக் காலம் கற்றுக்கொடுத்தும் வருகிறேன். இரண்டுமாகவும் இருக்கலாம் என்பதுதான் என் பதில். ஒரே கல் ஒருவருக்கு வேலையாகவும் இன்னொருவருக்குச் சாக்காகவும் ஆவதைப் பார்த்திருக்கிறேன். பிரித்தறிய நான் பார்ப்பது ஒன்றைத்தான்: அந்த ஆசை ஒருமுறையாவது கை வழியாகப் போயிற்றா? கேட்ட பாட்டிலிருந்து ஒரு கோடு, எடுத்த கல்லிலிருந்து ஒரு நிறம், பார்த்த சுவரிலிருந்து ஒரு கிறுக்கல், அன்றைக்கே தாளில் விழுந்ததா? விழுந்திருந்தால் அது வேலை. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். இசையைப் பற்றி நான் பேசுவது ஓவியனாகக் கேட்டதை வைத்துத்தான்; இசைப் பயிற்சி பெற்றவன் இல்லை என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியவர்களும் இப்படித்தானா என்றால், ஆம், சந்தேகமில்லாமல். வான்கோ ஒரு சிவப்பு அரக்குப் பெட்டியில் கம்பளி நூல் உருண்டைகளை வைத்திருந்தார். இரண்டு மூன்று நிற நூல்களைச் சேர்த்துச் சுற்றி, எந்த நிறம் எதன் பக்கத்தில் எப்படித் தெரிகிறது என்று பார்த்துக்கொள்வாராம். அந்தப் பெட்டி இன்றும் ஆம்ஸ்டர்டாமில் அவர் பெயரில் உள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஜார்ஜியா ஓகீஃப் 1930இல் நியூ மெக்சிகோ பாலைநிலத்தில் பொறுக்கிய எலும்புகளை ஒரு பீப்பாய் நிறைய அடைத்துக் கிழக்கே தன் வீட்டுக்கு அனுப்பினார். அடுத்த ஆண்டே மாட்டு மண்டையோடு ஒன்று அவருடைய புகழ்பெற்ற ஓவியமாயிற்று. பால் கிளே இசைக் குடும்பத்தில் பிறந்தவர்; வயலினா தூரிகையா என்று முடிவெடுக்க முடியாமல் இளமையில் தவித்தவர். கர்ட் ஷ்விட்டர்ஸ் தெருவில் கிடந்த டிராம் டிக்கெட்டுகளையும் உறைகளையும் ஒட்டியே ஒரு கலைமுறையை உண்டாக்கினார். 1919இல் அதற்கு அவர் வைத்த 'மெர்ட்ஸ்' என்ற பெயர்கூட, வெட்டி எடுத்த ஒரு வங்கி விளம்பரத்தின் துண்டுச் சொல்தான்.

இப்படிப்பட்ட கதைகளில் உறுதியானவையும் உறுதியில்லாதவையும் கலந்தே புழங்குகின்றன. வான்கோவின் நூல் பெட்டி கண்ணெதிரே இருக்கிறது. அவர் நிறங்களை ஸ்வரங்களோடு ஒப்பிட்டுப் புரிந்துகொள்ள பியானோ கற்கப் போனார், ஆசிரியர் பயந்துபோய் நிறுத்திவிட்டார் என்ற கதை, அவருக்கு அறிமுகமான ஒருவர் பல ஆண்டுகள் கழித்து எழுதிய நினைவிலிருந்து வருவது. நடந்திருக்கலாம், ஆனால் பெட்டிக்குத் தரும் எடையை அந்தக் கதைக்குத் தர மாட்டேன். நம் பக்கத்திலும் இப்படி ஒன்று உண்டு. மகேந்திரவர்ம பல்லவனுக்குச் 'சித்திரகாரப்புலி' என்ற பட்டம் இருந்தது கல்வெட்டில் உள்ள செய்தி. குடுமியான்மலை இசைக் கல்வெட்டும் அவன் வெட்டுவித்ததே என்பது நெடுநாள் வழக்கு. ஆய்வாளர்கள் பலர் அதை ஏற்பதில்லை. ஓவியமும் இசையும் ஒரே ஆளிடம் கூடியிருந்தால் நமக்குப் பிடிக்கிறது, அதனால் சான்றுக்கு மேலேயே நம்பிவிடுகிறோம்.

இரண்டுக்கும் உறவு உண்டு என்ற எண்ணம் மட்டும் மிகப் பழையது. விஷ்ணுதர்மோத்தர புராணத்தில் வஜ்ரன் என்ற அரசன் மார்க்கண்டேயரிடம் சிலை வடிக்கும் கலையைக் கேட்கிறான். ஓவியம் தெரியாமல் சிலை வராது, ஆடல் தெரியாமல் ஓவியம் வராது, வாத்தியம் தெரியாமல் ஆடல் வராது, பாட்டுத் தெரியாமல் வாத்தியம் வராது என்று முனிவர் அவனைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போகிறார். மாணவர்களுக்கு நான் அடிக்கடி சொல்லும் பகுதி இது. எல்லாவற்றையும் கற்றுவிட்டுத்தான் தூரிகையைத் தொட வேண்டும் என்று யாரும் இதைப் படிக்க வேண்டாம். உடம்பின் அசைவும் தாளமும் அறியாத கை கோட்டை உயிரில்லாமல் இழுக்கும் என்பதையே நான் இதில் காண்கிறேன். அது என் அனுபவத்தோடும் ஒத்துப்போகிறது.

இனி பாட்டு. வரையும்போது பாட்டுக் கேட்டால் மூளை கூர்மையாகும் என்று ஒரு பேச்சு உண்டு. 1993இல் வந்த ஓர் ஆய்விலிருந்து கிளம்பியது அது. பத்து நிமிடம் மோட்சார்ட் கேட்ட கல்லூரி மாணவர்கள் வடிவங்களை மனத்துக்குள் மடித்தும் திருப்பியும் பார்க்கும் ஒரு தேர்வில் சற்று மேலாகச் செய்தார்கள், அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான். பிறகு மற்றவர்கள் செய்து பார்த்ததில், மனத்துக்குப் பிடித்த எதைக் கேட்டாலும் வரும் உற்சாகம்தான் பெரும்பாலும் அதற்குக் காரணம் என்று தெரிந்தது. ஆகவே எந்த இசை நல்லது என்று என்னிடம் பட்டியல் கேட்காதீர்கள். உங்களை உட்கார வைக்கிற இசை எதுவோ அதுவே போதும்.

ஆனால் பாட்டில் ஒரு ஆபத்து உண்டு, அதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. பாட்டு தன் உணர்ச்சியைப் படத்துக்குக் கடன் கொடுத்துவிடும். மனதை உருக்கும் ஒரு ஆலாபனை ஓடிக்கொண்டிருக்கும்போது பூசிய நீலம் உலகத்திலேயே ஆழமான நீலமாகத் தெரியும். தொண்டை அடைக்கும். படம் முடிந்துவிட்டது என்று கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிடுவோம். மறுநாள் காலை, பாட்டில்லாத அறையில், அதே நீலம் வெறும் நீலமாக நிற்கும். முதல் பத்தாண்டுகளில் இப்படி எத்தனையோ படங்களை முடிந்ததென்று நினைத்துச் சட்டம் போட்டிருக்கிறேன். அவற்றில் இருந்த உருக்கம் பாடகருடையது, என்னுடையது இல்லை. அதனால் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். பாட்டோடு வரைந்த எதையும் அன்று தீர்மானிப்பதில்லை. மறுநாள் சத்தமே இல்லாமல் பத்து நிமிடம் பார்க்கிறேன், பிறகு கண்ணாடியில் இடவலம் மாற்றிப் பார்க்கிறேன். அதற்குப் பிறகும் நிற்பது எதுவோ அதுதான் படத்தில் இருப்பது.

இன்னொன்று, வரைவதில் எல்லா நேரமும் ஒரே மாதிரி நேரமில்லை. எதை எங்கே வைப்பது, எதை விடுவது என்று முடிவெடுக்கும் தொடக்க நேரத்தில் சொற்கள் உள்ள பாட்டு எனக்குத் தடையாக இருக்கிறது. மனம் ஒரு காலைப் பாட்டின் வரியில் வைத்துக்கொள்கிறது. பின்னணியை நிரப்புவது, கோடுகளை அடர்த்தியாக்குவது போன்ற நீண்ட வேலையில் அதே பாட்டு தோள்வலியை மறக்கவைக்கிறது. பெரிய படம் ஒன்று பல வாரம் நீளும்போது, அது முடியும்வரை ஒரே இசையைக் கேட்கிறேன். நடுவில் நாலு நாள் விட்டுப்போனாலும் அந்தத் தொடக்க இசை கேட்டதும் கை பழைய இடத்துக்குத் திரும்புகிறது. இது என் பழக்கம், எல்லோருக்கும் பொருந்தும் விதியில்லை. ஆனால் பாட்டில்லாமல் வரையவே முடிவதில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் சோதித்துப் பாருங்கள். வாரத்தில் ஒருநாள் இருபது நிமிடம் ஒலியில்லாமல் வரையுங்கள். முதலில் தவிப்பாக இருக்கும். அந்தத் தவிப்பு எந்த இடத்தில் வருகிறது என்று கவனித்தால், படத்தில் நீங்கள் முடிவெடுக்கப் பயப்படும் இடம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

பின்னணியாக ஓடுவதற்கு அப்பால், இசை படத்துக்குள்ளேயே வந்த விதங்கள் உண்டு. காண்டின்ஸ்கி 1911 ஜனவரி தொடக்கத்தில் மியூனிக்கில் ஷோன்பெர்க் என்ற இசையமைப்பாளரின் கச்சேரி ஒன்றைக் கேட்டார். உடனே பென்சில் கோட்டோவியங்கள் போட்டார். அவற்றிலிருந்து, கறுப்புப் பியானோவும் முன்வரிசைத் தலைகளும் ஒரு மஞ்சள் வெள்ளத்தில் மிதப்பது போன்ற படம் பிறந்தது. இவ்வளவும் உறுதி. அவருக்கு ஒலியைக் கேட்டால் பிறவியிலேயே நிறம் தெரியும் என்று சொல்லப்படுவது விவாதத்துக்குரியது. இசை கேட்டபோது நிறங்கள் கண்முன் எழுந்ததாக அவரே எழுதியிருக்கிறார், அது நரம்பின் இயல்பா, பயிற்சியில் வளர்ந்த கற்பனையா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. மாணவர்கள் சிலர் தங்களுக்கு அப்படித் தெரியவில்லையே என்று வருத்தப்படுவதால் இதைச் சொல்கிறேன். அது தேவையே இல்லை.

கிளேயின் வழி எனக்கு அதிகம் உதவியது. ஜெர்மனியின் பவுஹவுஸ் கலைப்பள்ளியில் பாடம் நடத்தும்போது அவர், பாக் என்ற இசையமைப்பாளரின் மூன்று குரல்கள், அதாவது மூன்று இசையிழைகள், சேர்ந்து ஓடும் இசையில் ஒரு சிறு பகுதியைக் கட்டத்தாளில் கோடுகளாக மாற்றிக் காட்டினார்: குரல் ஏறும்போது கோடு ஏறுகிறது, நீளும்போது நீள்கிறது, ஒரு குரல் மௌனமாகும்போது அங்கே வெற்றிடம். இசையின் உணர்ச்சியை வரைவதை விட்டுவிட்டு அதன் கட்டமைப்பை எடுத்துக்கொண்டார். மோன்ட்ரியன் செய்ததும் இதுதான். 1940இல் நியூயார்க் வந்து பூகி வூகி என்ற துள்ளல் தாளப் பியானோ இசையில் மயங்கியவர், 1942இல் தொடங்கி 1943இல் முடித்த படத்தில், நெடுநாள் தன் அடையாளமாக இருந்த கறுப்புக் கோடுகளுக்கு இடமே தரவில்லை. அவற்றின் இடத்தில் மஞ்சள் பட்டைகள், நடுநடுவே துடிக்கிற சிறு சிவப்பு, நீலச் சதுரங்கள். சோகப் பாட்டு என்றால் நீலம், துள்ளல் என்றால் சிவப்பு என்று போகிற வழி சீக்கிரம் வறண்டுவிடும். தாளத்தின் இடைவெளியைப் பிடித்தால் வறளாது.

இதைச் செய்து பார்க்க ஒரு பயிற்சி சொல்கிறேன். உங்களுக்கு மனப்பாடமான ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நீண்ட தாளில் அடிக்கு ஒரு கோடு, கனமான அடிக்குக் கனமான கோடு, அவ்வளவுதான். இரண்டாவது முறை, பாடுபவர் தாளத்தை விட்டு விலகி முன்னே பின்னே எடுக்கிற இடங்களை மட்டும் வேறு நிறத்தில் குறியுங்கள். மூன்றாவது முறை பாட்டை நிறுத்திவிட்டு, தாளைப் பார்த்துக்கொண்டே இடைவெளிகளைத் திருத்துங்கள். அந்தக் கட்டத்தில் அது படமாக மாறத் தொடங்கும். சுருதி என்ற சொல்லையும் நான் வகுப்பில் பயன்படுத்துவதுண்டு. கேன்வாஸ் முழுதும் முதலில் ஒரு மெல்லிய காவியைப் பூசிவிட்டு வரைந்தால், மேலே எத்தனை நிறம் வந்தாலும் இடுக்குகளில் அந்தக் காவி எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும், தம்புராவைப் போல. எல்லா நிறமும் அதற்கு இசைந்தோ முரண்பட்டோ நிற்கும். இது ஒப்புமைதான், இதற்குமேல் இழுத்தால் அறுந்துவிடும்.

பொறுக்கி வருவதற்கு வருகிறேன். இங்கேதான் எனக்குச் சொல்ல அதிகம் இருக்கிறது.

ஒரு மழைக்கு மறுநாள் காலை, நடைபாதை ஓரத்தில் ஒரு தகர மூடி கிடந்தது. உள்ளங்கை அகலம். எதற்காகக் குனிந்தேன் என்று அப்போது தெரியவில்லை. வீட்டுக்கு வந்து, காய்வதற்குள் அதன் நிறத்தைக் கலந்து பார்க்க உட்கார்ந்தேன். துருதானே, பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு வண்ணத்தை எடுத்தால் முடிந்தது என்று நினைத்தேன். தூரிகையைப் பக்கத்தில் வைத்ததும் பொருந்தவில்லை. தண்ணீர் தேங்கிய விளிம்பில் புதுத் துரு ஆரஞ்சாகப் பிசுபிசுத்தது. நடுவில் காய்ந்த பகுதி மஞ்சள் கலந்த பழுப்பு. ஆணியடித்த துளையைச் சுற்றி ஏறக்குறையக் கறுப்பு, அந்தக் கறுப்பிலும் ஒரு ஊதாச் சாயல். பெயின்ட் ஒட்டியிருந்த ஒரு துணுக்கு மட்டும் வெளிறிய பச்சை. அந்தப் பச்சை பக்கத்தில் இருந்ததால்தான் துரு அவ்வளவு சிவந்து தெரிந்தது. ஒரு விரலை வைத்து அந்தப் பச்சையை மறைத்தேன், சிவப்பு அணைந்தது. எடுத்தேன், எரிந்தது. பக்கத்து நிறம் நிறத்தை மாற்றும் என்பதை நான் ஆண்டுக்கணக்காக வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத்தான் விரலால் தெரிந்துகொண்டேன்.

இதில் அறிவியலும் இருக்கிறது, அது ஓவியருக்கு நேரடியாகப் பயன்படும். துரு என்பது ஒரே பொருள் இல்லை. இரும்பும் ஆக்சிஜனும் நீரும் சேரும் விதத்தைப் பொறுத்து மஞ்சள் பழுப்பும் ஆரஞ்சும் செம்மையும் கறுப்பும் வருகின்றன. நம் பெட்டியில் யெல்லோ ஓக்கர் என்று இருக்கும் மஞ்சள் காவியும் நீர் கலந்த இரும்பு ஆக்சைடுதான். அதைச் சூடாக்கினால் நீர் வெளியேறிச் செங்காவியாகிறது. பர்ன்ட் சியன்னாவில் உள்ள 'பர்ன்ட்' அந்தச் சூட்டைத்தான் குறிக்கிறது. ஆகவே நீங்கள் எடுத்துவரும் கல் செம்மண் நிறத்தில் தாளில் தேய்ந்தால், அதிலிருந்து நீங்களே வண்ணம் செய்யலாம். பொடித்து நீரில் கலக்குங்கள். மணல் உடனே அடியில் இறங்கும். மேலே மிதக்கும் கலங்கலை வேறு பாத்திரத்தில் வடித்து ஒருநாள் விடுங்கள். அதில் படிவதே நுண்பொடி. அதைக் காயவைத்து, கண்ணாடித் தட்டில் வேலம்பிசின் கரைசலோடு குழைத்தால் நீர்வண்ணம். குகை ஓவியங்களில் பல பத்தாயிரம் ஆண்டுகளாக நிற்கும் சிவப்பு இந்தக் காவிதான், வெயிலுக்கு மங்காது. உலர்ந்த பொடியை மூச்சில் இழுக்காதீர்கள், முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். பழைய சுவரிலிருந்தும் இரும்பிலிருந்தும் உதிரும் பெயின்டை மட்டும் எக்காரணம் கொண்டும் பொடிக்க வேண்டாம், ஈயம் இருக்கக்கூடும்.

பூவிதழ், இலை, மஞ்சள் இவற்றின் சாறு அழகாக இருக்கும்; ஆனால் பெரும்பாலானவை வெளிச்சத்தில் வெளிறிவிடும். யார் சொல்வதையும் நம்பாமல் நீங்களே பாருங்கள்: ஒரு தாள் கீற்றில் பூசி, பாதியைக் கறுப்புக் காகிதத்தால் மூடி, சன்னலில் மூன்று மாதம் ஒட்டிவையுங்கள். எடுக்கும்போது நடுவில் கோடு விழுந்திருந்தால் அந்த நிறத்தை விற்கும் படத்தில் போடாதீர்கள். செய்தித்தாளும் அப்படித்தான். மரக்கூழில் உள்ள லிக்னின் காரணமாக அது பழுத்து முறிந்துவிடும். இளமையில் செய்தித்தாள் ஒட்டி ஒரு படம் செய்து நண்பர் ஒருவருக்குக் கொடுத்தேன். சில ஆண்டு கழித்து அவர் வீட்டில் பார்த்தபோது, வெள்ளைக்காக நான் விட்டிருந்த இடமெல்லாம் தேநீர் நிறத்தில் இருந்தது. அதில் வெள்ளைதான் படமே. வாங்கி வந்து மறுபடி செய்து கொடுத்தேன். இப்போது அச்சு எழுத்து வேண்டுமென்றால் அமிலமில்லாத தாளில் நகலெடுத்து ஒட்டுகிறேன்.

எதிர்பாராமல் கிடைப்பது கலையின் போக்கையே திருப்பியதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு பிராக். 1912 செப்டம்பரில் அவினியோன் நகரக் கடை ஒன்றில் மரத்தின் ரேகை அச்சடித்த சுவர்த்தாளைப் பார்த்தார். அதை வெட்டி, கரியால் வரைந்த ஒரு பழக்கிண்ணப் படத்தில் ஒட்டினார். தாள் ஒட்டி வரையும் முறை நவீன ஓவியத்துக்குள் வந்த வழி அது. கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பிராக் வீடுகளுக்கு வண்ணமடிக்கும் குடும்பத்தில் பிறந்து, மரரேகையைத் தூரிகையால் போலியாக வரைவதைத் தொழிலாகப் பழகியவர். அந்தக் கடையை எத்தனையோ பேர் கடந்து போயிருப்பார்கள். பழகிய கைக்குத்தான் அந்தத் தாள் கண்ணில் பட்டது. பிகாசோ 1942இல் ஒரு சைக்கிள் இருக்கையையும் கைப்பிடியையும் சேர்த்துக் காளைத் தலை செய்ததும் அதுபோல, வாழ்நாளெல்லாம் காளை வரைந்தவர் அவர்.

கறையும் கிடைக்கிற பொருள்தான். லியோனார்டோ தன் குறிப்புகளில், கறை படிந்த சுவர்களைப் பார்த்தால் மலையும் ஆறும் போர்க்களமும் முகங்களும் தெரியும் என்றார். மணியோசையில் நாம் நினைக்கிற பெயரெல்லாம் கேட்பது போல என்று அங்கேயே இசைக்கும் ஒரு பாலம் போட்டார். பதினோராம் நூற்றாண்டுச் சீனாவில் சோங் டி என்ற ஓவியர், இடிந்த சுவரின் மேல் பட்டுத்துணியை விரித்துக் காலையும் மாலையும் பார்த்துக்கொண்டிரு, மலைகள் தெரியும் என்று இன்னொரு ஓவியருக்குச் சொன்னதும் பதிவாகியிருக்கிறது. லியோனார்டோவின் எச்சரிக்கையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்: கறை கற்பனையைக் கிளப்பும், எதையும் முடிக்கக் கற்றுத்தராது. தாகூரை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டாயிரத்துக்கும் மேல் பாட்டுக் கட்டியவர், கையெழுத்துப்படிகளில் அடித்த வரிகளை ஒன்றோடொன்று இணைத்துப் பறவையாகவும் விலங்காகவும் மாற்றத் தொடங்கினார். அடித்தல் அவருக்குத் தற்செயலாகக் கிடைத்தது. அதை விடாமல் பின்தொடர்ந்து அறுபது வயதுக்குமேல் ஓவியரானார். 1930இல் பாரிசில் அவருடைய முதல் கண்காட்சி நடந்தது.

வீட்டார் சொல்வதற்கும் காது கொடுங்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. பொருளை எடுத்ததுமே வேலை நடந்துவிட்டது போன்ற நிறைவு வந்துவிடுகிறது. அந்த நிறைவுதான் வரையவிடாமல் செய்வது. என்னிடம் ஒரு மரப்பெட்டி இருக்கிறது, அதன் கொள்ளளவுதான் என் சேகரிப்பின் எல்லை. எடுத்துவந்த அன்றே ஒரு சீட்டில் தேதி, கிடைத்த இடம், எதற்காகக் குனிந்தேன் என்ற ஒரு வரி. 'அழகாக இருந்தது' என்று எழுதக்கூடாது. 'விளிம்பில் ஆரஞ்சு, நடுவில் கறுப்பு' என்று எழுத வேண்டும். அந்த வரி வரவில்லை என்றால் பொருள் திரும்ப வெளியே போகும். ஆறு மாதத்தில் ஒருமுறைகூட வரையப்படாததும் போகும், படம் பிடித்து வைத்துக்கொண்டு. இப்படிச் செய்த பிறகு பெட்டி பாதிதான் நிறைகிறது, ஸ்கெட்ச்புக் நிறைகிறது. இறகுகளைப் பொறுத்தவரை, பல நாடுகளில் சில பறவைகளின் இறகை வைத்திருப்பதே சட்டப்படி குற்றம். எந்தப் பறவை என்று தெரியாவிட்டால் கிடந்த இடத்திலேயே உட்கார்ந்து வரைந்துவிட்டு வாருங்கள்.

அந்தப் பூட்டு. தேய்க்காதீர்கள், இப்போதைக்கு. முதலில் இருக்கிற நிலையிலேயே இரண்டு முறை வரையுங்கள்: ஒருமுறை வெறும் பென்சிலில் எடை தெரியும்படி, ஒருமுறை நிறத்துக்காக, துருவில் குறைந்தது நான்கு நிறங்களைப் பிரித்து. பிறகு நன்றாக உலரவையுங்கள். உதிரும் துருவை மட்டும் மென்மையான பிரஷால் தட்டிவிட்டு, மெழுகை மெல்லப் பூசினால் ஈரம் ஏறாது, நிறம் சற்றுக் கருத்தாலும் பெரும்பாலும் இருக்கும். எண்ணெய் வேண்டாம், தூசியைப் பிடித்துப் பிசினாகிவிடும். வரைந்த தாள்மேல் பூட்டை வைத்துவிட்டுப் போகாதீர்கள், இரும்புக் கறை தாளில் இறங்கினால் போகாது, நாளடைவில் தாளையே அரித்துவிடும். சாவி இல்லை என்று எழுதியிருந்தீர்கள். சாவித் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள்; என்னிடம் இருக்கும் ஒரு பூட்டில் உள்ளே துரு ஏறாத பித்தளை இன்னும் மஞ்சளாக மின்னுகிறது. அதைச் சுற்றியுள்ள கறுப்பை வரைய எனக்கு மூன்று நாள் ஆயிற்று.